பாதரசமும் உடல்நலமும்: நோயாளரும் குடும்பத்தினரும் அறிய வேண்டியவை

சில காலத்திற்கு முன் எங்கள் பொது மருத்துவப் பிரிவிற்குப் பொற்கொல்லர் ஒருவர் தம் மனைவியுடன் வந்தார். வயது நாற்பதைக் கடந்தவர். நகையில் கல் பதிக்கும் வேலையில் தேர்ந்தவர். ஓராண்டாக அவருடைய கைவிரல்கள் நடுங்கத் தொடங்கியிருந்தன. உறக்கம் குறைந்திருந்தது. ஈறுகள் வீங்கி, வாயில் எந்நேரமும் எச்சில் ஊறிக்கொண்டிருந்தது. இவற்றைவிட வேறொன்றே அவர் மனைவியை வருத்தியது. “முன்னெல்லாம் அதிர்ந்து பேசமாட்டார் டாக்டர். இப்ப எதுக்கெடுத்தாலும் கோபம். யாராவது வீட்டுக்கு வந்தா உள்ளே போய் உட்கார்ந்துக்கிறார்” என்றார்.

முதல் வருகையின்போது நாங்கள் தைராய்டு, சர்க்கரை, மதுப் பழக்கம் ஆகியவற்றைக் குறித்துக் கேட்டோம். இரத்தப் பரிசோதனைகளும் செய்தோம். குறிப்பிடத்தக்க குறை எதுவும் தென்படவில்லை. இரண்டாம் முறை வந்தபோது அவர்களுடைய நான்கு வயதுப் பெண் குழந்தையும் உடன் வந்திருந்தாள். அவளுடைய உள்ளங்கைகளும் பாதங்களும் சிவந்து, தோல் உரிந்துகொண்டிருந்தன. தோல் நோய் என்று களிம்பு தடவி வந்தனர். குழந்தைக்கு ஓயாத வியர்வை, இரவெல்லாம் அழுகை, இரத்த அழுத்தமும் வயதிற்கு மிஞ்சியிருந்தது. தந்தைக்கு ஒரு நோய், மகளுக்கு வேறொரு நோய் என்று எண்ணிக்கொண்டிருந்த எங்களுக்கு, இரண்டிற்கும் ஒரே காரணம் இருக்கலாமோ என்ற ஐயம் அப்போதுதான் எழுந்தது. முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அன்றுதான் கேட்டோம்: “உங்கள் வேலையை எங்கே, எப்படிச் செய்கிறீர்கள்?”

பட்டறையில் சேரும் அரத்தூளையும் மண்ணையும் அவர் வீட்டிற்குக் கொண்டுவருவார். அதில் கலந்துள்ள பொன் துகள்களைப் பிரிக்கப் பாதரசம் சேர்த்துப் பிசைவார். பொன்னைப் பற்றிக்கொண்ட பாதரசக் கட்டியை மூசையில் இட்டுக் குமுட்டி அடுப்பில் சூடாக்குவார். பாதரசம் ஆவியாகிப் போகும். பொன் மட்டும் மிஞ்சும். இத்தனையும் நடந்தது சமையலறையை ஒட்டிய சிறிய அறையில். குழந்தை உறங்குவதும் அதே அறையில்தான்.

இருவரின் சிறுநீரிலும் பாதரசம் மிகுதியாக இருந்தது. இந்நோயைப் பற்றி நம் மருத்துவமனைக்கு வரும் ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டும் என்று நாங்கள் கருதுவதால் இக்கட்டுரையை எழுதுகிறோம்.

மூன்று வடிவங்கள், மூன்று வழிகள்

பாதரசம் என்பது ஒரே பொருளாயினும் மூன்று வடிவங்களில் நம்மை வந்தடைகிறது. ஒவ்வொரு வடிவமும் உடலுக்குள் புகும் வழி வேறு. தாக்கும் உறுப்பும் வேறு. இந்த வேறுபாட்டை அறியாததால் அஞ்ச வேண்டாததற்கு அஞ்சுகிறோம். அஞ்ச வேண்டியதை அருகிலேயே வைத்திருக்கிறோம்.

முதலாவது, உலோகப் பாதரசம். காய்ச்சல் பார்க்கும் பழைய கண்ணாடி தெர்மாமீட்டரிலும், பழைய இரத்த அழுத்தக் கருவியிலும் நாம் காணும் வெள்ளி நிறத் திரவம் இதுவே. இதை ஒருவர் தவறி விழுங்கிவிட்டால், நலமான குடலிலிருந்து அது ஏறக்குறைய உறிஞ்சப்படுவதே இல்லை, மலத்துடன் வெளியேறிவிடும். ஆனால் இத்திரவம் சாதாரண அறை வெப்பத்திலேயே மெல்ல ஆவியாகும். அந்த ஆவிக்கு நிறமில்லை, மணமில்லை. மூச்சுடன் உள்ளே செல்லும் ஆவியில் ஏறத்தாழ 80 விழுக்காடு நுரையீரல் வழியாக இரத்தத்தில் கலந்துவிடுகிறது. அங்கிருந்து மூளைக்கும், கருவுற்ற பெண்ணாயின் நச்சுக்கொடியைக் கடந்து கருவிற்கும் செல்கிறது. விழுங்கிய துளியினும் தரையில் சிந்திய துளியே பேராபத்து என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அடுப்பில் வைத்துச் சூடாக்கும்போது இந்த ஆவி பன்மடங்கு பெருகுகிறது.

இரண்டாவது, பாதரச உப்புகள். நாட்டு மருத்துவத்தில் பூரம், வீரம், இலிங்கம் என்று வழங்கப்படுபவை பாதரசத்தின் சேர்மங்களே. சில சிவப்பழகுக் களிம்புகளிலும் பாதரச உப்பு கலக்கப்படுகிறது. குடல் வழியாகவும் தோல் வழியாகவும் உட்புகும் இவ்வடிவம் முதன்மையாகச் சிறுநீரகத்தைத் தாக்குகிறது.

மூன்றாவது, மெத்தில் பாதரசம். நீர்நிலைகளில் சேரும் பாதரசத்தை அங்குள்ள நுண்ணுயிர்கள் இவ்வடிவிற்கு மாற்றுகின்றன. இது மீனின் தசையில் தங்குகிறது. அம்மீனை நாம் உண்ணும்போது அதிலுள்ள மெத்தில் பாதரசம் ஏறக்குறைய முழுவதுமாகக் குடலில் உறிஞ்சப்படுகிறது. மூளையும் நரம்புகளும், குறிப்பாகக் கருவிலுள்ள குழந்தையின் வளரும் மூளையும் இதற்கு இலக்காகின்றன.

உடல் காட்டும் அடையாளங்கள்

பாதரச ஆவியை நாள்தோறும் சிறிது சிறிதாகச் சுவாசிப்பவரிடம் மூன்று அடையாளங்கள் ஒருங்கே தோன்றும். ஒன்று, கைவிரல்களிலும் இமைகளிலும் உதடுகளிலும் நுண்ணிய நடுக்கம். கையெழுத்து மாறுவது இதன் தொடக்கமாக இருக்கலாம். இரண்டு, ஈறு வீக்கமும் மிகுந்த உமிழ்நீரும். மூன்று, குணத்தில் மாற்றம்: காரணமற்ற கூச்சம், எரிச்சல், மறதி, உறக்கமின்மை. மூன்றாவதை நோயின் அடையாளம் என்று குடும்பத்தார் உணர்வதில்லை. ‘ஆள் மாறிவிட்டார்’ என்று வருந்துகின்றனர். சில இல்லங்களில் அது பூசலாகவும் முடிகிறது.

குழந்தைகளிடம் இந்நோய் வேறு முகம் காட்டும். கை, கால் சிவந்து தோல் உரிதல், மிகுந்த வியர்வை, ஓயாத அழுகை, தசைத் தளர்ச்சி, உயர்ந்த இரத்த அழுத்தம் ஆகியவை அதன் கூறுகள். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மேலைநாடுகளில் பல் முளைக்கும் குழந்தைகளுக்குக் கொடுத்த பொடியில் பூரம் கலந்திருந்தது. அப்பொடி உண்ட குழந்தைகள் பலரை இந்நோய் வாட்டியது. பொடியை விலக்கியதும் நோயும் பெரும்பாலும் மறைந்தது.

சிறுநீரகம் பாதிக்கப்பட்டால் சிறுநீரில் புரதம் வெளியேறும். சிறுநீர் நுரைத்துப் போவதும், முகமும் கால்களும் வீங்குவதும் இதனால்தான்.

மூடிய அறையில் ஒரே நேரத்தில் மிகுந்த ஆவியைச் சுவாசித்துவிட்டால் சில மணி நேரத்திற்குள் இருமல், காய்ச்சல், நெஞ்சிறுக்கம், மூச்சுத் திணறல் ஆகியவை வரும். வாயில் உலோகச் சுவை தோன்றும். இது அவசர நிலை. உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும்.

பணியிடத்தில் பாதரசம்

1700-ஆம் ஆண்டில் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி தொழிலாளர் நோய்களைக் குறித்து ஒரு நூல் எழுதினார். பாதரசம் கொண்டு பொன் முலாம் பூசுவோரின் துன்பத்தையும், கண்ணாடிக்கு இரசம் பூசுவோரின் துன்பத்தையும் அவர் அதில் விவரித்தார். நோயாளியிடம் மருத்துவர் கேட்க வேண்டிய கேள்விகளுடன் ‘நீ என்ன தொழில் செய்கிறாய்?’ என்ற கேள்வியையும் சேர்க்க வேண்டும் என்று வலியுறுத்தியவரும் அவரே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொப்பிக்கான கம்பளத்தைப் பதப்படுத்தப் பாதரச உப்பைப் பயன்படுத்தினர். அத்தொழிலாளர்களிடமும் அதே நடுக்கத்தையும் குணமாற்றத்தையும் மருத்துவர்கள் கண்டனர்.

நம் மாநிலத்திலும் இதற்கு ஒரு பாடம் உண்டு. கொடைக்கானலில் 1983-இல் தொடங்கப்பட்ட தெர்மாமீட்டர் ஆலை 2001 வரை இயங்கியது. பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடிக் கழிவுகள் நகரின் பழைய பொருட்கடை ஒன்றில் குவிக்கப்பட்டிருந்ததை ஊர்மக்கள் 2001-இல் வெளிப்படுத்தினர். அதன்பின் ஆலை மூடப்பட்டது. 2003-இல் ஏறத்தாழ 290 டன் கழிவு அமெரிக்காவிற்குத் திருப்பி அனுப்பப்பட்டது. நீண்ட போராட்டத்திற்குப் பின் 2016-இல் முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. ஆலை மூடிப் பதினைந்து ஆண்டுகள் கழித்தே அது நிகழ்ந்தது.

பெரிய ஆலையில் மட்டுமே இந்த ஆபத்து இருப்பதாக எண்ணிவிடக் கூடாது. உலக அளவில் மனிதச் செயல்களால் காற்றில் கலக்கும் பாதரசத்தில் மூன்றில் ஒரு பங்கிற்கும் மேல், சிறிய அளவில் பொன் எடுக்கும் தொழிலிலிருந்தே வருகிறது. நிலக்கரி எரிப்பும் பெரியதொரு காரணம். நகைப்பட்டறை, முலாம் பூசும் தொழில், பழைய குழல் விளக்குகளையும் கருவிகளையும் உடைத்துப் பிரிக்கும் வேலை, பல் மருத்துவக் கூடம், பழைய கருவிகள் உள்ள ஆய்வுக்கூடம் ஆகியவற்றில் பணிபுரிவோர் எச்சரிக்கையுடன் இருக்க வேண்டும். வேலை உடையில் ஒட்டிய பாதரசம் வீடு வரை வரும். ஆகவே வேலை உடையைப் பணியிடத்திலேயே மாற்றுவதும், அதைக் குழந்தைகளின் துணியுடன் சேர்த்துத் துவைக்காதிருப்பதும் நலம்.

நீரிலும் உணவிலும்

ஜப்பானில் மினமாட்டா என்னும் கடலோர ஊரில் சிசோ என்ற வேதியியல் ஆலை பல்லாண்டுகள் பாதரசக் கழிவை விரிகுடாவில் விட்டது. முதலில் பூனைகள் வெறிகொண்டவைபோல் சுழன்று மடிந்தன. பின்னர் மனிதர்கள் நடை தள்ளாடி, பார்வை சுருங்கி, பேச்சுக் குழறினர். 1956 மே 1-ஆம் நாள் இந்நோய் முறையாகப் பதிவாயிற்று. ஆலைக் கழிவே காரணம் என்று அரசு ஏற்றுக்கொண்டது 1968-இல். இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளும் மக்கள் மீன் உண்டுகொண்டிருந்தனர். தாய்மாருக்குப் பெரிய குறை எதுவும் தோன்றாதிருக்க, அவர்கள் ஈன்ற குழந்தைகள் கடும் மூளைப் பாதிப்புடன் பிறந்த நிகழ்வுகளும் உண்டு. கருவின் மூளை எவ்வளவு எளிதில் பாதிப்புறும் என்பதை உலகம் அங்கு கற்றது. பாதரசப் பயன்பாட்டைக் குறைப்பதற்கான பன்னாட்டு ஒப்பந்தம் அவ்வூரின் பெயராலேயே 2013-இல் ஏற்கப்பட்டு 2017-இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2018-இல் அதில் இணைந்தது.

இதைப் படித்து மீனை விலக்கிவிட வேண்டாம். மீன் நல்ல உணவு. கருவுற்றோருக்கும் குழந்தைகளுக்கும் அதன் சத்து தேவை. தேர்வு செய்வதில்தான் கவனம் வேண்டும். சிறு மீனைப் பெரிய மீன் உண்ண, அதை அதனினும் பெரியது உண்ண, ஒவ்வொரு படியிலும் பாதரசம் சேர்ந்துகொண்டே போகிறது. எனவே நெடுநாள் வாழ்ந்து பிற மீன்களை இரையாக்கும் சுறா, மயில்மீன், பெரிய சூரை போன்றவற்றில் அது மிகுதி. மத்தி, நெத்திலி போன்ற சிறு மீன்களில் மிகக் குறைவு. கழுவினாலும் சமைத்தாலும் மெத்தில் பாதரசம் நீங்காது. பிள்ளை பெற்ற தாய்க்குச் சுறாப் புட்டு கொடுப்பது நம் வழக்கம். அதை அடிக்கடி கொடுப்பதைத் தவிர்த்து, மத்தியையோ நெத்திலியையோ கொடுப்பது தாய்க்கும் சேய்க்கும் நன்று.

வீட்டிலுள்ள பாதரசம்

களிம்புகள்: முகத்தை விரைவில் வெளுக்கச் செய்யும் என்று விற்கப்படும் களிம்புகள் சிலவற்றில் பாதரச உப்பு உள்ளது. மினமாட்டா ஒப்பந்தம் முதலில் அழகுப் பொருட்களில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கிற்கு மேல் பாதரசம் இருத்தல் ஆகாது என்று வரையறுத்திருந்தது; பின்னர் அவ்வரம்பும் நீக்கப்பட்டு, பாதரசம் சேர்ப்பதே விலக்கப்பட்டது. கேரளத்தில் 2023-இல் இத்தகைய களிம்புகளைப் பூசியோரிடம் ஒருவகைச் சிறுநீரக நோயைச் சிறுநீரக மருத்துவர்கள் கண்டறிந்து அறிவித்தனர். களிம்பை நிறுத்தியதும் பலர் தேறினர். தயாரித்தவர் முகவரியும் உட்பொருள் பட்டியலும் இல்லாத களிம்பை வாங்கவே வேண்டாம். களிம்பு பூசுபவரின் தோலிலிருந்தும் தலையணையிலிருந்தும் அது குழந்தைக்கும் செல்லும்.

மருந்துகள்: இரசமும் அதன் சேர்மங்களும் கலந்த மருந்துகளை உண்டவர்களிடமும் அதே வகைச் சிறுநீரக நோய் காணப்பட்டுள்ளது. எந்த மருத்துவ முறையையும் குறை கூறுவது எங்கள் நோக்கமன்று. நீங்கள் உண்ணும் செந்தூரம், பற்பம், சூரணம் எதுவாயினும் அதை மறைக்காமல் எங்களிடம் கொண்டுவந்து காட்டுங்கள். நாங்கள் கடிந்துகொள்ள மாட்டோம். இரசமணியைப் பாலில் இட்டு அருந்தும் வழக்கத்தை விட்டுவிடுங்கள்.

உடைந்த தெர்மாமீட்டர்: ஒரு தெர்மாமீட்டரில் ஒரு கிராம் அல்லது அதற்கும் குறைவான பாதரசமே உண்டு. முறையாக அகற்றினால் அஞ்சத் தேவையில்லை.

1. குழந்தைகளையும் கருவுற்றோரையும் வேறு அறைக்கு அனுப்புங்கள். மின்விசிறியையும் குளிர்சாதனத்தையும் நிறுத்தி, சன்னல்களைத் திறந்து, வீட்டின் உட்புறக் கதவை மூடுங்கள்.
2. கையிலுள்ள பொன் நகைகளைக் கழற்றிவிட்டுக் கையுறை அணியுங்கள். பாதரசம் பொன்னைப் பற்றிக்கொள்ளும்.
3. தடித்த அட்டை இரண்டைக் கொண்டு துளிகளை ஒன்றுசேர்த்து, ஊசியில்லாத சிரிஞ்சால் உறிஞ்சி, சிறிது நீருள்ள இறுக மூடும் புட்டியில் விடுங்கள். கைவிளக்கைத் தரையோடு சாய்த்துப் பிடித்தால் எஞ்சிய துளிகள் மின்னும். அவற்றை ஒட்டுநாடாவால் எடுங்கள்.
4. துடைப்பத்தால் பெருக்காதீர்கள், தூசி உறிஞ்சும் இயந்திரத்தைப் பயன்படுத்தாதீர்கள். இரண்டும் துளிகளைச் சிதறடித்து ஆவியைப் பெருக்கும். கழிவுநீர்க் குழாயில் ஊற்றவும் கூடாது.
5. அறையை ஒரு நாளாவது காற்றோட்டமாகத் திறந்துவையுங்கள். புட்டியைக் குப்பையில் எறியாமல், தீங்கான கழிவுகளைப் பெறும் இடத்தில் சேர்ப்பியுங்கள்.

குழந்தை தெர்மாமீட்டரைக் கடித்துவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். வாயிலுள்ள கண்ணாடித் துண்டுகளை மெல்ல அகற்றி, மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். அங்கு கவலைக்குரியது கண்ணாடியே, பாதரசமன்று.

பரிசோதனையும் சிகிச்சையும்

ஆவி அல்லது உப்பு வடிவம் என ஐயுற்றால் சிறுநீரையும், மெத்தில் பாதரசம் என ஐயுற்றால் இரத்தத்தையும் பரிசோதிக்கிறோம். கடல்மீன் உண்டிருந்தால் இரத்தத்தில் அளவு கூடித் தெரியலாம். ஆகவே அதை முன்கூட்டியே தெரிவியுங்கள். அளவு மட்டும் நோயைத் தீர்மானிப்பதில்லை. அடையாளங்களையும் தொழில் வரலாற்றையும் சேர்த்தே முடிவு செய்கிறோம்.

முதல் சிகிச்சை, பாதரசத்திலிருந்து விலகுவது. அதைச் செய்யாமல் எந்த மருந்தும் பயன் தராது. விலகியபின் உடலிலுள்ள பாதரசம் ஏறத்தாழ இரண்டு மாதங்களில் பாதியாகக் குறையும். பாதரசத்தைப் பற்றி வெளியேற்றும் மருந்துகள் உண்டு. ஆனால் அவை எல்லோருக்கும் உரியவை அல்ல. மருத்துவமனைக் கண்காணிப்பில் மட்டுமே கொடுக்கத்தக்கவை. ‘உடல் நஞ்சை நீக்கும்’ என்று விளம்பரப்படுத்தப்படும் பொடிகளை நம்பிப் பொருளை இழக்காதீர்கள். மெத்தில் பாதரசத்தால் கருவின் மூளைக்கு நேர்ந்த கேட்டைப் பின்னர் நீக்க இயலாது. அங்கு தடுப்பு ஒன்றே வழி.

பொற்கொல்லர் குடும்பத்திற்குத் திரும்புவோம். பாதரசத்தை விடும்படி நாங்கள் சொன்னபோது, “இந்த வேலையை விட்டா நாங்க எதைச் சாப்பிடறது?” என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. கல் பதிக்கும் வேலையை அவர் விட வேண்டியிருக்கவில்லை. பாதரசத்தைச் சூடாக்குவதை மட்டும் விட்டால் போதுமாயிருந்தது. அரத்தூளைச் சேர்த்துவைத்துச் சுத்திகரிப்போரிடம் கொடுக்க இசைந்தார். அதில் வருமானம் சற்றுக் குறைந்தது. குடும்பம் அவ்வீட்டிலிருந்து வேறு வீட்டிற்கு மாறியது. குழந்தை சில மாதங்களில் தேறினாள். இரவில் நன்கு உறங்குகிறாள். தந்தையின் கோபமும் கூச்சமும் தணிந்தன. கைநடுக்கம் குறைந்துள்ளது, முற்றிலும் நீங்கவில்லை. ஓராண்டு முன்னரே வந்திருந்தால், முதல் நாளே நாங்கள் கேட்டிருந்தால், அதுவும் நீங்கியிருக்கக்கூடும்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை எந்த நோய்க்காக எங்களிடம் வந்தாலும், நாங்கள் கேட்க மறந்தாலும், மூன்று செய்திகளை நீங்களே சொல்லுங்கள்: நீங்களும் வீட்டாரும் என்ன தொழில் செய்கிறீர்கள், அத்தொழிலில் எதைக் கையாளுகிறீர்கள், எங்கள் மருந்துடன் வேறு எந்த மருந்தையும் களிம்பையும் பயன்படுத்துகிறீர்கள். பாதரச நோயைக் கண்டறிய எங்கள் கருவிகளைக் காட்டிலும் உங்கள் சொல்லே முதலில் உதவுகிறது.